ஃபுட்பால் மேனேஜரில் அணி சொதப்புகிறதா? அறிகுறியை வைத்து அட்ரிபியூட் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

பயிற்சியாளர்கள் தரும் நட்சத்திர மதிப்பீட்டில் உங்கள் அணி லீக்கின் முதல் ஐந்துக்குள் இருக்கிறது. புள்ளிப் பட்டியலிலோ பதினான்காம் இடம். ஃபுட்பால் மேனேஜர் என்ற, கால்பந்து அணியை நாமே நிர்வகிக்கும் கணினி விளையாட்டை ஆடுபவர்களில் இதைச் சந்திக்காதவர் குறைவு. இந்த நிலைக்குப் பெரும்பாலும் காரணம் பொருத்தமின்மை: வீரரிடம் இருக்கும் அட்ரிபியூட் (எண்ணால் காட்டப்படும் திறன்) ஒன்று, நாம் அவரிடம் கேட்கும் வேலை வேறொன்று. அதைக் களத்தில் தெரியும் அறிகுறியிலிருந்துதான் பிடிக்க முடியும். நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிபடாது.

கீழே உள்ளவை 2023 நவம்பரில் வெளிவந்த ஃபுட்பால் மேனேஜர் 2024 பதிப்புக்கு எழுதப்பட்டவை. 2025 பதிப்பு கைவிடப்பட்டு, அடுத்து வந்த 2026 பதிப்பில் ரோல்களின் (களத்தில் வீரருக்குத் தரும் வேலைகளின்) அமைப்பு மாறிவிட்டது. அட்ரிபியூட்களின் பொருள் மாறவில்லை என்பதால், அங்கே ஆடுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி உதவும்.

முதலில் செய்ய வேண்டியவை

கோல்கீப்பர் அல்லாத ஒவ்வொரு வீரருக்கும் 36 அட்ரிபியூட்கள்: டெக்னிக்கல் 14, மென்டல் 14, ஃபிசிக்கல் 8. ஒவ்வொன்றும் 1 முதல் 20 வரை. இந்த எண்களுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. எந்த லீக்கில் ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பொருள். இங்கிலாந்தின் நான்காம் அடுக்கான லீக் டூவில் பேஸ் (ஓட்ட வேகம்) 13 உள்ள சென்டர் பேக் பெரிய சொத்து. பிரீமியர் லீகில் அதே 13 உள்ளவரை ஹை லைனில் (தடுப்பு வரிசையைச் சொந்த கோலிலிருந்து வெகுவாக முன்னே தள்ளி) நிறுத்தினால் தலைவலி.

அதனால் முதல் வேலை, டீம் ரிப்போர்ட்டில் உள்ள கம்பேரிசன் பக்கம். அங்கே ஒவ்வொரு அட்ரிபியூட்டிலும் லீக்கில் உங்கள் அணி எத்தனையாவது இடம் என்று தெரியும். கடைசிக் கால்பகுதியில் இருப்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஸ்குவாட் பக்கத்தில் தனி வியூ ஒன்று உருவாக்கி, சந்தேகப்படும் ஆறேழு அட்ரிபியூட்களை வரிசையாக நிறுத்துங்கள். ஒவ்வொரு வீரராகத் திறந்து பார்த்தால் சராசரிதான் கண்ணில் படும். பக்கம்பக்கமாக வைத்தால் ஓட்டை எங்கே என்று உடனே தெரியும்.

மூன்றாவது, கடைசி ஐந்து ஆட்டங்களில் வாங்கிய கோல்களை ரீப்ளேயில் பாருங்கள். இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம். மாற்றங்களை ஒரு நேரத்தில் ஒன்று என்று செய்து, நான்கைந்து ஆட்டம் விட்டுப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

அறிகுறி: ஷாட் குவிகிறது, கோல் விழவில்லை

எல்லோரும் முதலில் ஃபினிஷிங்கைத்தான் குறை சொல்வார்கள். அதற்கு முன் ஷாட் மேப்பையும் எக்ஸ்ஜி கணக்கையும் திறங்கள். எக்ஸ்ஜி என்பது ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரை அளப்பது. பெனால்டிக்கு முக்காலுக்குச் சற்று மேல். தூரத்திலிருந்து அடிக்கும் ஷாட் பல நேரம் 0.05 கூட வராது. இருபது ஷாட் அடித்தும் மொத்தம் 1.0தான் என்றால், அங்கே வாய்ப்பே உருவாகவில்லை. தூரத்திலிருந்து அடித்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்போது கோளாறு ஷாட் அடிப்பவர்களின் டிசிஷன்ஸில் (முடிவெடுக்கும் திறன்) இருக்கிறது, அல்லது அவர்களுக்குப் பந்து தருபவர்களின் விஷனில் (பாஸுக்கான வழியைக் காணும் திறன்) இருக்கிறது. 'ஷூட் லெஸ் ஆஃப்டன்' (ஷாட்டைக் குறை) அல்லது 'ஒர்க் பால் இன்டு பாக்ஸ்' (பந்தைப் பெட்டிக்குள் கொண்டு போ) என்ற அறிவுறுத்தலைப் போட்டுப் பாருங்கள். விஷன் 10ஐத் தாண்டாத நடுக்களத்தை வைத்துக்கொண்டு இரண்டாவதைப் போட்டால் பந்து பெட்டியைச் சுற்றிச்சுற்றி வந்து கடைசியில் பறிபோகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எக்ஸ்ஜி உயரமாக இருந்து, பெரிய வாய்ப்புகளே வீணாகின்றன என்றால்தான் ஸ்ட்ரைக்கரைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரை ஒப்பிடுவோம். கம்போஷர் என்பது பதறாமை, ஃபர்ஸ்ட் டச் வந்த பந்தை அடக்குவது, ஆஃப் த பால் பந்து தன்னிடம் இல்லாதபோது நகர்வது.

முதல் ஸ்ட்ரைக்கர்: ஃபினிஷிங் 16, கம்போஷர் 9, ஃபர்ஸ்ட் டச் 10, ஆஃப் த பால் 10, அக்சலரேஷன் 12.
இரண்டாமவர்: ஃபினிஷிங் 13, கம்போஷர் 15, ஃபர்ஸ்ட் டச் 13, ஆஃப் த பால் 15, அக்சலரேஷன் 15.

பயிற்சியாளர் அறிக்கையில் இருவருக்கும் ஒரே நட்சத்திரம் வரலாம். ஆனால் கோல்கீப்பரோடு தனியாக நிற்கும் நொடியில் முதலாமவரின் 16 முழுதாக வெளிவராது. கம்போஷர் 9 அதை இழுத்துப் பிடிக்கும். பந்தை அடக்குவதில் அரை நொடி போனால் டிஃபெண்டர் வந்துவிடுவார். அப்போது அடிப்பது அவசர ஷாட். இரண்டாமவர் டிஃபெண்டரைத் தாண்டி நகர்வதால் கிடைக்கும் வாய்ப்புகளே அதிகம், கிடைத்ததைப் பதறாமல் முடிப்பார். ஒற்றை ஸ்ட்ரைக்கர் வைத்து ஆடும் அணிக்கு என் தேர்வு எப்போதும் இரண்டாமவர்தான். முதலாமவரை விற்க வேண்டியதில்லை. அவருக்கு முன்னால் இடம் உருவாக்கித் தரும் இன்னொரு ஸ்ட்ரைக்கரைப் பக்கத்தில் நிறுத்தி, போச்சர் ரோல் (கோலருகே காத்திருந்து முடிப்பவர்) கொடுத்தால் அந்த 16க்கு வேலை வரும்.

ஸ்ட்ரைக்கரின் சொந்த எக்ஸ்ஜியே குறைவாக இருந்தால் ஃபினிஷிங் பேச்சே வேண்டாம். ஆஃப் த பால், ஆன்டிசிபேஷன் (அடுத்து நடப்பதை முன்கூட்டியே உணர்வது), அக்சலரேஷன் இந்த மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரி என்றால் பந்து அவரிடம் வரவில்லை என்று பொருள். விங்கில் இருப்பவரின் இடது, வலது கால் திறனைப் பாருங்கள். இடப்பக்கம் வலக்கால் வீரர், இடக்கால் 'வெரி வீக்', ரோல் மட்டும் விங்கர் என்றிருந்தால் கிராஸ் வரவே வராது. உள்ளே வெட்டத்தான் பார்ப்பார். இன்வெர்ட்டட் விங்கர் ஆக்கிவிட்டு, வெளிப்பக்க ஓட்டத்தை ஃபுல் பேக்கிடம் விடுங்கள்.

அறிகுறி: முதுகுக்குப் பின்னால் விழும் ஒரே பந்தில் கோல் வாங்குகிறோம்

ஹை லைன், கடும் பிரஸ் (பந்து வைத்திருப்பவரை உடனே நெருக்குவது) ஆடும் அணிகளின் முதல் நோய் இது. 'சென்டர் பேக் வேகம் பத்தவில்லை' என்று புது வீரரை வாங்க உடனே சந்தைக்கு ஓடுவதுதான் வழக்கம். உண்மையில் ரீப்ளேயில் நான்கு வேறு படங்கள் தெரியும், நான்குக்கும் மருந்து வேறு.

ஒன்று: பந்து கிளம்பும் முன்பே டிஃபெண்டர் திரும்பிவிட்டார், ஓடினார், ஆனாலும் ஸ்ட்ரைக்கர் தாண்டிவிட்டார். இது சுத்தமான வேகக் குறை. எத்தனை அடிக்குள் தாண்டினார் என்று பாருங்கள். முதல் ஐந்தாறு அடிக்குள்ளேயே என்றால் அக்சலரேஷன். நீண்ட ஓட்டத்தில் மெல்லமெல்ல இடைவெளி கூடினால் பேஸ். இரண்டும் ஒன்றல்ல: அக்சலரேஷன் உச்ச வேகத்தை எட்டும் விரைவு, பேஸ் அந்த உச்ச வேகம். திரும்பும்போதே தடுமாறினால் அஜிலிட்டியையும் பாருங்கள்.

இரண்டு: பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகும் டிஃபெண்டர் நின்றுகொண்டே இருந்தார். வேகம் 15 இருந்தாலும் பயனில்லை. ஆன்டிசிபேஷனோ கான்சன்ட்ரேஷனோ குறைவு. ஆட்டம் முழுக்க இப்படியே என்றால் ஆன்டிசிபேஷன், கடைசி இருபது நிமிடத்தில் மட்டும் என்றால் கான்சன்ட்ரேஷன் என்று வைத்துக்கொண்டு தேடுங்கள்.

மூன்று: ஒரு சென்டர் பேக் முன்னேறிப் போய்விட்டார், அவர் விட்ட இடத்தில் பந்து விழுந்தது. பொசிஷனிங், டிசிஷன்ஸ் இரண்டையும் பாருங்கள். அதற்கும் முன்னால் அவருக்கு ஸ்டாப்பர் டியூட்டி (முன்னேறிப் போய்த் தடுக்கும் பணி) கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கொடுத்திருந்தால் அவர் சொன்னதைத்தான் செய்கிறார்.

நான்கு: பந்தைப் போட்டவரைச் சுற்றி ஆளே இல்லை. தலையை நிமிர்த்தி, நிதானமாகக் குறி பார்த்துப் போடுகிறார். இது டிஃபெண்டர் பிரச்சினையே அல்ல. முன்வரிசையின் ஒர்க் ரேட், ஸ்டாமினா, அக்ரஷன், டீம்ஒர்க் ஆகியவைதான் காரணம். ட்ரிகர் பிரஸ்ஸை (எவ்வளவு அடிக்கடி நெருக்குவது என்ற அமைப்பு) உச்சத்தில் வைத்துவிட்டு, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஒர்க் ரேட் 9 உள்ள நம்பர் 10ஐ நிறுத்தினால், எதிரணியின் தடுப்பு மிட்ஃபீல்டர் ஆட்டம் முழுக்க ஓய்வாக நிற்பார். என் கணிப்பில், ஹை லைனில் வாங்கும் கோல்களில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது இந்த நான்காவது வகைதான். புது சென்டர் பேக்குக்குப் பல கோடி பவுண்டு கொட்டிய பிறகும் அதே கோல் விழுவதற்குக் காரணம் இதுவே.

சரிசெய்யும் வரிசை: முதலில் டிஃபென்சிவ் லைனை ஒரு படி இறக்குங்கள். பிரஸ் அப்படியே இருக்கட்டும் என்று விட்டால் நடுவில் பெரிய வெளி திறக்கும், அதனால் லைன் ஆஃப் என்கேஜ்மென்டையும் (பிரஸ் தொடங்கும் கோடு) சேர்த்து இறக்க வேண்டும். இரண்டாவது, கோல்கீப்பர். ஹை லைனுக்குப் பின்னால் துப்புரவு செய்ய வேண்டியவர் அவர். ரஷிங் அவுட், ஒன் ஆன் ஒன்ஸ், ஆன்டிசிபேஷன், டிசிஷன்ஸ், அக்சலரேஷன் ஆகியவை வேண்டும். ரோல் ஸ்வீப்பர் கீப்பர். ரஷிங் அவுட் என்பது திறமை அளவல்ல, வெளியே ஓடிவரும் பழக்கத்தின் அளவு. அது 17 இருந்து டிசிஷன்ஸ் 8 என்றால் வரக்கூடாத நேரத்தில் எல்லாம் வருவார். மூன்றாவது, ஒரு சென்டர் பேக்குக்கு கவர் டியூட்டி (சற்றுப் பின்தங்கிக் காக்கும் பணி). இருவரில் ஆன்டிசிபேஷனும் வேகமும் கூடியவருக்கு. ஆஃப்சைடு ட்ராப் ஆடும் அணி இதைச் செய்யக்கூடாது, ஏனென்றால் ஒருவர் பின்தங்கினால் கோடு கலைந்து எதிராளி ஆன்சைடில் நிற்பார். இவ்வளவுக்கும் பிறகு கோல் விழுந்தால், அப்போது சந்தைக்குப் போங்கள்.

அறிகுறி: பின்னாலிருந்து கட்டி ஆடும்போது சொந்தப் பெட்டியருகே பந்து பறிபோகிறது

இந்த ஆட்டத்துக்குச் சென்டர் பேக் தேடும்போது பாஸிங்கை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது பரவலான தவறு. பந்து பறிபோகும் விதத்தை வரிசையாக யோசியுங்கள்: வந்த பந்தை அடக்குகிறார், தலை நிமிர்த்துகிறார், எதிராளி ஓடி வருகிறார், யாருக்கு என்று முடிவெடுக்கிறார், போடுகிறார். பாஸிங் கடைசிப் படியில்தான் வருகிறது. அதற்கு முன்பே ஃபர்ஸ்ட் டச், கம்போஷர், டிசிஷன்ஸ் மூன்றும் தேர்வு எழுதி முடித்துவிட்டன. பாஸிங் 15, ஃபர்ஸ்ட் டச் 9 என்றிருப்பவரைவிட இரண்டும் 12 ஆக இருப்பவர் இந்த வேலைக்கு நம்பகமானவர்.

பந்தை வாங்க வரும் தடுப்பு மிட்ஃபீல்டரையும் பாருங்கள். சொந்த கோலைப் பார்த்தபடி பந்தை வாங்கித் திரும்ப வேண்டியவர் அவர். பாலன்ஸ், அஜிலிட்டி குறைந்தால் முதுகில் ஆள் ஒட்டியதும் விழுவார். ஆஃப் த பால் குறைந்தால் மறைவிலேயே நின்றுகொண்டு பாஸுக்கு வழியே தரமாட்டார். அப்போது பழி சென்டர் பேக் மேல் விழும்.

மாற்ற வேண்டியவை: கம்போஷர் குறைந்த சென்டர் பேக்கிடமிருந்து 'பால் பிளேயிங் டிஃபெண்டர்' ரோலை எடுத்துவிட்டுச் சாதாரண சென்ட்ரல் டிஃபெண்டர் ஆக்குங்கள், முதல் ரோல் துணிச்சலான பாஸ்களைத் தூண்டும். கோல்கீப்பர் பந்தை ஃபுல் பேக்குகளுக்குக் கொடுக்கும்படி வையுங்கள், ஓரத்தில் பறிபோனால் சேதம் குறைவு. எதிரணி மிகக் கடுமையாக பிரஸ் செய்யும் நாளில் 'பிளே அவுட் ஆஃப் டிஃபென்ஸ்' அறிவுறுத்தலையே எடுத்துவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அறிகுறி: 65ஆவது நிமிடத்துக்கு மேல் அணி கரைகிறது

மூன்று அட்ரிபியூட்களைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒர்க் ரேட் என்பது ஓட வேண்டும் என்ற மனம், ஸ்டாமினா ஓடத் தேவையான இருப்பு, நேச்சுரல் ஃபிட்னஸ் அடுத்த ஆட்டத்துக்குள் அந்த இருப்பை மீட்டுக்கொள்ளும் திறன். ஒர்க் ரேட் 17, ஸ்டாமினா 10 உள்ளவர் ஒரு மணி நேரம் சிங்கம்போல் ஓடிவிட்டு அதற்குப் பின் நிற்கமாட்டார். இவரை முதல் பதினொன்றில் வைத்தால், 60ஆவது நிமிட மாற்றத்தைக் கிக்காஃபுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நேச்சுரல் ஃபிட்னஸ் குறைந்தவருக்கு ஒரே ஆட்டத்தில் எதுவும் தெரியாது. வாரத்தில் இரண்டு ஆட்டம் என்று வரும் டிசம்பரில்தான் தெரியும். வயது முப்பதைத் தாண்டிய பிறகு உடல்திறன் எவ்வளவு விரைவாகச் சரியும் என்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆகவே 29 வயதுக்காரருக்கு நான்காண்டு ஒப்பந்தம் எழுதும் முன் இந்த எண்ணைப் பாருங்கள்.

கண்டிஷன் (ஆட்டத்தில் மீதமிருக்கும் தெம்பு) நன்றாகவே இருந்து கடைசியில் கோல் வாங்கினால் களைப்பைத் தேட வேண்டாம். பின்வரிசையின் கான்சன்ட்ரேஷன்தான். 8, 9 என்று ஒருவர் இருந்தால்கூடப் போதும்.

அறிகுறி: கிராஸ் நிறைய, பலன் இல்லை

உயரத்தைப் பார்த்து ஆள் எடுத்திருப்பீர்கள். பார்க்க வேண்டியது ஜம்பிங் ரீச். குதித்து உச்சியில் எட்டும் உயரம் அதிலேயே அடக்கம்; 193 செ.மீ. வீரருக்கும் அது 11 இருக்கலாம். தலையால் குறி பார்ப்பது ஹெடிங். முன்னது இல்லாமல் பின்னது வேலைக்கு ஆகாது. ஸ்ட்ரைக்கர் குள்ளமாகவும் விரைவாகவும் இருந்தால் உயரக் கிராஸை விட்டு 'லோ கிராஸஸ்' போடுங்கள். அவருடைய அக்சலரேஷனும் ஆன்டிசிபேஷனும் அங்கே பேசும்.

அறிகுறி: நட்சத்திரம் ஐந்துக்கு நாலரை, ஆட்ட ரேட்டிங் பத்துக்கு 6.6ஐத் தாண்டவில்லை

நட்சத்திரம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு வீரருக்கும் 200க்குள் ஒரு கரன்ட் எபிலிட்டி (இப்போதைய மொத்தத் திறன்) எண் உண்டு, திரையில் காட்டப்படாது. பயிற்சியாளர் அதைத் தன் திறமைக்கு எட்டியவரை கணித்து, உங்கள் இப்போதைய அணியோடு ஒப்பிட்டு நட்சத்திரம் போடுகிறார். பலவீனமான அணியில் நாலரை என்பது வேறு, பலமான அணியில் நாலரை என்பது வேறு. அந்த எண்ணிலும் அட்ரிபியூட்களுக்குச் சம எடை இல்லை. வீரர் ஆடும் இடத்தைப் பொறுத்து எடை மாறும். இரண்டு காலும் வல்லவராக இருப்பதற்கும் அதிலிருந்து ஒரு பங்கு போகும். டிடர்மினேஷன் போன்ற சிலவற்றுக்கு அந்தக் கணக்கில் எடையே கிடையாது. ஒரே எண் கொண்ட இருவர் களத்தில் முற்றிலும் வேறாக ஆடுவது இதனால்தான்.

அடுத்து, மறைந்திருக்கும் அட்ரிபியூட்கள். கன்சிஸ்டன்சி, எத்தனை ஆட்டத்தில் முழுத் திறனுக்கு ஆடுகிறார் என்பதைத் தீர்மானிக்கும். இம்பார்ட்டன்ட் மேட்சஸ் பெரிய ஆட்டங்களுக்கானது. இவற்றின் எண் திரையில் வராது, ஆனால் ஸ்கவுட், பயிற்சியாளர் அறிக்கைகளின் சாதக பாதகப் பட்டியலில் வரியாக எட்டிப் பார்க்கும்: சீரற்ற ஆட்டக்காரர், பெரிய ஆட்டங்களை விரும்பாதவர், அடிக்கடி காயப்படுபவர் என்று. ஸ்கவுட் அறிவு குறைவாக இருக்கும்போது இந்த வரிகள் வராமலும் போகலாம். ஆகவே பெரிய தொகை கொடுக்கும் முன் அறிக்கை முழுமையாகும்வரை பொறுங்கள். தனியாகக் காசு கொடுத்து இன்கேம் எடிட்டர் வாங்கினால் எல்லாம் எண்ணாகவே தெரியும். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். ஸ்கவுட்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

எதுவும் அகப்படவில்லை என்றால் இடத்தைச் சரிபாருங்கள். புதியவர் அந்த இடத்தில் 'நேச்சுரல்' அல்லது 'அகாம்ப்ளிஷ்டு' நிலையில் இருக்கிறாரா? பழக்கமில்லாத இடத்தில் நிறுத்தினாலும் திரையில் எண்கள் குறையாது. களத்தில் அவர் எடுக்கும் முடிவுகள் குறையும்.

அறிகுறி: இளம் வீரர் இரண்டு சீசனாக வளரவே இல்லை

பொட்டன்ஷியல் நட்சத்திரம் ஐந்து என்பது உத்தரவாதம் அல்ல, மேல் வரம்பு பற்றிய ஒரு மதிப்பீடு. அங்கே போய்ச் சேர வைப்பது புரொஃபஷனலிசம், ஆம்பிஷன், டிடர்மினேஷன். முதல் இரண்டும் மறைந்திருப்பவை. பெர்சனாலிட்டி என்ற இடத்தில் வரும் சொல்லிலிருந்து ஊகிக்கலாம்: 'மாடல் புரொஃபஷனல்', 'புரொஃபஷனல்', 'டிரிவன்' நல்லவை, 'ஸ்லாக்', 'கேஷுவல்', 'அன்ஆம்பிஷஸ்' என்றால் கவலைப்பட வேண்டும்.

மென்ட்டரிங் குழு (மூத்தவர்களின் குணம் இளையவருக்குத் தொற்றும் குழு) அமையுங்கள். குறைந்தது மூன்று பேர் வேண்டும். வயதிலும் அணிப் படிநிலையிலும் மேலே இருக்கும் நல்ல பெர்சனாலிட்டிக்காரர் இருவர், இளையவர் ஒருவர் என்பது பாதுகாப்பான சேர்க்கை. மோசமான பெர்சனாலிட்டி உள்ள மூத்தவரைத் தெரியாமல் சேர்த்துவிட்டால் விளைவும் அந்தப் பக்கமே போகும்.

பதினெட்டைத் தாண்டியவருக்குப் பயிற்சியைவிட ஆட்ட நேரம்தான் முக்கியம். லோனில் அனுப்பும்போது மூன்றைப் பாருங்கள்: வாக்குக் கொடுக்கும் ஆட்ட நேரம், ஆட வைக்கப்போகும் இடமும் ரோலும், அந்தக் கிளப்பின் பயிற்சி வசதி. பயிற்சியின் கூடுதல் கவனத்தைப் பொறுத்தவரை, 'குவிக்னஸ்' போன்ற உடல்திறன் வேலைகளை இளமையிலேயே கொடுத்துவிடுங்கள். டிசிஷன்ஸ், பொசிஷனிங் போன்ற மென்டல் அட்ரிபியூட்கள் முப்பதை ஒட்டியும் ஏறிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: கார்டுகள் குவிகின்றன

அக்ரஷன் அதிகம் என்பதற்காக ஒருவரை ஒதுக்காதீர்கள். அது மோதலுக்குத் தயங்காத குணம், முரட்டுத்தனம் அல்ல. முரட்டுத்தனத்துக்கு 'டர்ட்டினஸ்' என்று மறைந்திருக்கும் அட்ரிபியூட் தனியாக உண்டு. அக்ரஷன் 16, டேக்லிங் 8, டிசிஷன்ஸ் 9 என்ற சேர்க்கைதான் ஆபத்து: எல்லாவற்றுக்கும் பாய்வார், பாதிக்குத் தாமதமாகப் போவார். இப்படிப்பட்டவர் பின்வரிசையிலோ தடுப்பு மிட்ஃபீல்டிலோ இருந்தால், அணி முழுமைக்கும் போட்ட 'கெட் ஸ்டக் இன்' (கடுமையாகப் பாய்) அறிவுறுத்தலை எடுத்துவிட்டு, அவருக்கு மட்டும் 'ஈஸ் ஆஃப் டேக்கிள்ஸ்' (டேக்கிளைத் தளர்த்து) கொடுங்கள். அதே ஆளை பிரஸ்ஸிங் ஃபார்வர்டாக முன்னால் நிறுத்த முடிந்தால் அக்ரஷன் அப்படியே பயன்படும், தாமதமான டேக்கிள் எதிரணியின் பகுதியிலேயே நடக்கும்.